மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார்

அவர் முன்னால் நான் முழுதாகச் சொல்லி முடித்த வாக்கியம் என்று ஒன்றுகூட நினைவில் இல்லை. சில வருஷங்கள் அவரிடம் வேலை பார்த்தேன். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை போவதற்குள் மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு "அதானே?" என்பார். நாம் தலையாட்ட வேண்டும். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். அதனாலேயே யாரும் மறுத்துப் பேசிப் பழகவில்லை.

டீக்கடைக்காரர் வந்து, "மேடம், நாளையிலேருந்து..." என்று ஆரம்பிப்பார். "கடை லீவு. சரி, போங்க" என்பார் இவர். மறுநாள் கடை திறந்துதான் இருக்கும். டீ விலை ஏறியிருக்கும். அதைச் சொல்லத்தான் பாவம் அந்த மனுஷன் படியேறி வந்திருப்பார்.

எங்கள் ஆபீஸ் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கல்லூரிகள், கூட்டுறவுச் சங்கங்கள், முந்திரி கம்பெனிகள் எல்லாம் தங்கள் பட்டியல்களை ஏனோதானோவென்று அடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். ஒருத்தர் பெயருக்கும் ஊருக்கும் நடுவே கமா போட்டிருப்பார். இன்னொருத்தர் தோன்றிய அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார். நாங்கள் பிழை திருத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். மேடம் பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் ஒன்று அதை வாங்கிக்கொண்டு, பெயர் ஒரு பத்தி, ஊர் ஒரு பத்தி, மற்றது ஒரு பத்தி என்று நூல் பிடித்ததுபோல நிறுத்தி அச்சுக்கு அனுப்பும். குட்டைப் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் போட்டு நிரப்பும். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நீளும் பெயரை வெட்டிவிடும்.

மேடம் கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவர். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவார். பருத்திப் புடவை, கஞ்சி மொடமொடப்பு கலையாமல் சாயங்காலம்வரை அப்படியே நிற்கும். அச்சடித்த தாள் வந்ததும் அதை ஜன்னலுக்கு எடுத்துப் போவார். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, பத்தியின் ஓரத்தை மேலிருந்து கீழே ஒரே பார்வையாகப் பார்ப்பார். ஏதாவது ஒரு வரி துளி விலகியிருந்தாலும் தாள் இரண்டாகக் கிழியும். யாருடைய தப்பு என்று கேட்கமாட்டார். கிழித்த தாளை உரியவர் மேஜையில், கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டுப் போவார்.

ஆங்கிலப் பெயர்கள் ஸ்கிரிப்ட்டுக்குச் சுலபம். தமிழ்தான் அவரைப் படுத்தியது. 'அந்தோணியம்மாள்' என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணிப் பதினாலு என்று சொல்லும். அந்தக் கணக்கில் இடம் விட்டால் அடுத்த பத்தி குடிகாரன் நடை போல வளைந்து வளைந்து இறங்கும். மேடம் அதோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே சிதம்பரத்துக்குத் திரும்பிப் போனது. கடைசியில், புள்ளி கொம்புகளை எண்ணி அந்த அளவுக்கு வெற்றிடத்தைக் கூட்டிவிடும்படி ஒரு பகுதியைச் சேர்த்தார். அன்று வந்த தாளை ஜன்னலில் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் வேறெப்போதும் பார்க்கவில்லை. எனக்குக்கூடக் கை தட்டத் தோன்றியது. தமிழ்ப் பெயர்கள் அப்படி வரிசை கட்டி நின்று நான் பார்த்ததே இல்லை.

ஆனால் வெட்டுகிற பகுதியை அவர் தொடவில்லை. அது பழைய கணக்கிலேயே வெட்டிக்கொண்டிருந்தது.

அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட என்னால் முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தாள்கள்தான் அதிகம் கிழியும். ஒருநாள் பயந்துகொண்டே போய், "மேடம், சாயங்காலமானா எனக்கு..." என்றேன்.

"தலை வலிக்குது. தூரத்து போர்டு மங்கலா தெரியுது. வீட்ல சொன்னா கண்ணாடி போட்ட பொண்ண யாரு கட்டுவான்னு திட்டுவாங்க. அதானே?"

மூன்றும் அச்சு அசல் உண்மை. அன்றைக்கே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய், சட்டத்தையும் அவரே தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டார். குறிஞ்சிப்பாடி பஸ்ஸின் போர்டை முதல்முறையாகத் தூரத்திலிருந்தே படித்த அன்று, அவருக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்தது.

பிறகு என் அம்மா இறந்தாள். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். விடிந்ததும் உயிர் போய்விட்டது. வராந்தாவில் நின்று மேடத்துக்கு போன் போட்டேன்.

"மேடம், எங்கம்மா..."

"இன்னும் உடம்பு சரியாகல, லீவு நீட்டணும். அதானே? செல்வி, காலேஜ் வேலை தலைக்கு மேல கெடக்கு. நாளைக்கு வந்துடு" என்று வைத்துவிட்டார்.

நான் கையில் போனோடு நின்றேன். மறுபடி கூப்பிட்டுச் சொல்லத் தெம்பில்லை. காரியம் முடிந்து ஆபீஸ் போனபோது விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. என் தோளைத் தொட்டார். "முழுசா சொல்லிருக்கலாம்லம்மா" என்றார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அது நான் செய்த தப்புக்கான வருத்தம்.

ஒருமுறை அவருக்குக் கால் சுளுக்கி வீட்டில் இருந்தார். தாள்களைக் காட்டக் கீழவீதிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் கதவைத் திறந்தார். நல்ல உயரம், சாதுவான முகம். "வாம்மா, நீதான..." என்றார். "செல்விதான். உள்ள வரட்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "காப்பி..." என்றார். "குடிக்க மாட்டா, மோர் குடு." "வெயில்ல ரொம்ப..." "கஷ்டப்பட்டுதான் வந்துருப்பா, ஃபேன போடு." நான் இருந்த நேரம் முழுக்க அவர் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. முடிக்க முயலவும் இல்லை. தொடங்கிவிட்டு, மிச்சம் வருவதற்காக மனைவி பக்கம் திரும்பி நின்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது தனியாக வந்தார். "எப்பவாவது நீங்க..." என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டார். முடிக்க ஆளில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன். கடைசியில் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் சேகர் வேலைக்கு வந்தார்.

சேகருக்குக் காடாம்புலியூர். சீசனில் பலாச்சுளையை எண்ணெய் தடவின கையோடு உரித்து டப்பாவில் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். வேலையில் சுத்தம். பேச்சுதான் திக்கும். சில எழுத்தில் வந்து நின்றால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும், வார்த்தை வராது. அதனால் எதையும் சின்னத் துண்டுத் தாளில் எழுதிக் காட்டுவார். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. "எழுதிக் காட்டாதீங்க சேகர். பேசணும். பேசினாத்தான் சரியாகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று துண்டுத் தாளைத் தடை செய்தார். அதோடு விடவில்லை. அச்சுக்கு முன்னால் ஒருத்தர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருத்தர் திரையில் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். படிக்கிற வேலையைச் சேகருக்குக் கொடுத்தார்.

"பா... பாலக்..."

"பாலகிருஷ்ணன். அடுத்தது."

"ப... ப... பண்..."

"பண்ருட்டி. அடுத்தது."

பேனாவின் பின்பக்கத்தால் மேஜையில் தட்டிக்கொண்டே சொல்வார். கோபமே இருக்காது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி முகம். சேகரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அவர் படித்தது 'பாலமுருகன்'. மேடம் 'பாலகிருஷ்ணன்' என்றார். சேகர் தாளைக் காட்டிக் கையை ஆட்டினார். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தான் நானும் சொன்னேன்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேற எடம் பாருங்களேன்" என்று பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் சேகரிடம் கேட்டேன். போனில் தட்டி என்னிடம் காட்டினார்: 'எல்லா இடத்துலயும் இண்டர்வியூ இருக்கு.'

அந்த ஜூனில் ஓர் அறக்கட்டளையின் வேலை வந்தது. வசதியில்லாத வீட்டுப் பெண்களை நர்சிங் படிக்க வைப்பவர்கள். தேர்வான பெண்களின் பட்டியல், பெயர், ஊர், படிப்பு என்று மூன்றே பத்தி, மொத்தம் இரண்டு பக்கம். அதில் அந்தோணியம்மாள் ஜெனிபர் என்று ஒரு பெண். அந்தோணியம்மாள் ஜெயசீலி என்று இன்னொரு பெண். இரண்டு பேருக்கும் ஊர் குறிஞ்சிப்பாடி. ஸ்கிரிப்ட் இரண்டு பெயரையும் ஒரே இடத்தில் வெட்டியது. அடுத்தடுத்த இரண்டு வரியில் 'அந்தோணியம்மாள் ஜெ' என்றே அச்சாகியிருந்தது.

மேடம் ஜன்னலில் தாளைப் பார்த்தார். பத்திகள் அப்பழுக்கில்லாமல் நின்றன. திருப்தியாகத் தலையாட்டினார். சேகர் தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து அவரிடம் போனார். நான் பக்கத்தில்தான் உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன்.

"மே... மேடம். இதுல ரெ... ரெண்டு பே..."

"ரெண்டு பேஜும் சரியா இருக்கு. அதானே? அனுப்பிடுங்க."

சேகர் தலையை ஆட்டினார். "இ... இ..."

"இன்னும் கவர் ஒட்டலையா? செல்வி ஒட்டுவா. நீங்க போய் அடுத்த வேலைய பாருங்க."

தாளைச் சேகரின் கையிலிருந்து உருவி என்னிடம் நீட்டினார். சேகர் இன்னொரு தடவை வாயைத் திறந்தார். மேடம் அதற்குள் போனை எடுத்துவிட்டார். சேகர் போய் உட்கார்ந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் முகத்தில் வழக்கமான களைப்புதான் இருந்தது. அறக்கட்டளையில் பார்த்தால் அவர்களே கேட்பார்கள் என்று விட்டுவிட்டதாகப் பின்னால் எனக்கு எழுதினார்.

அவர்கள் கேட்கவில்லை. அங்கிருந்த எழுத்தர், ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே படிப்பு, தவறிப்போய் இரண்டு முறை அடித்துவிட்டார்கள் என்று இரண்டாவது வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். காலியான இடத்துக்குக் காத்திருப்போரில் முதல் பெண்ணைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

ஜெயசீலியின் அப்பா கொத்தனார். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். சுண்ணாம்பு காய்ந்த கால் விரல்களோடு வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். பக்கத்துத் தெரு ஜெனிபருக்கு அழைப்பு வந்துவிட்டது, அவளைவிட மார்க் ஜாஸ்தி வாங்கிய தன் மகளுக்கு வரவில்லை, அங்கே போய்க் கேட்டால் மூலப் பட்டியல் அச்சுக்காரர்களிடம் இருக்கிறது, அவர்களிடம் போய் 'இரண்டு பேரும் வேறு வேறு ஆள்' என்று ஒரு வரி எழுதி வாங்கி வரச் சொல்கிறார்கள் என்று முதலில் என்னிடம்தான் சொன்னார். அதுவரை காத்திருப்புப் பெண் இன்னும் சேரவில்லை. மேடத்திடம் கூட்டிப்போனேன்.

"அம்மா, எம்பொண்ணு பேரு..."

"லிஸ்ட்ல இல்ல. அதானே? நாங்க என்னங்க பண்றது, அச்சடிக்கிறவங்க."

"இருக்குதும்மா. ஆனா பாதிதான்..."

மேடம் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தார். அந்த இரண்டு வரியில் அவர் பார்வை நின்றதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அதை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"இவ்ளோ நீளமா பேரு வெச்சா எடம் எங்கேருந்து வரும்? ஜெயசீலின்னு மட்டும் வெச்சிருக்கலாமே."

"அந்தோணியம்மாள் எங்கம்மா பேருங்க. ஜெனிபரு வூட்லயும் கோயில்ல வேண்டிக்கிட்டு அதே பேரு வெச்சாங்க" என்றார் அவர், தப்புச் செய்தவர் மாதிரி.

"மேடம், ஒரு வரி எழுதிக் குடுத்தா..." என்றேன் நான்.

"என் பேஜ்ல தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணும். அதானே?" என்று என்னைப் பார்த்தார். "அது நடக்காதும்மா."

அந்தப் பெண் சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, மேடத்தின் மேஜையில் கவிழ்ந்து கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானே ஒரு வரி எழுதி, என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அது செல்லாது, பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும் என்று அங்கே திருப்பிவிட்டார்கள். கொத்தனார் அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் பொறுக்க முடியாமல் எங்கள் எல்லோரையும் மறுநாள் வரச் சொன்னார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடம் ஜெயசீலிக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமும் அவள் விண்ணப்பிக்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். சேகரை அந்த வாரமே நிறுத்தினார்கள். இப்போது ஊரில் அண்ணனோடு முந்திரித் தோப்பைப் பார்க்கிறார். நான் தீபாவளிவரை இருந்துவிட்டு விலகினேன். ராஜினாமாவைச் சொல்லப் போனபோதும் மேடம்தான் காரணத்தைச் சொன்னார்: "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க. அதானே?" இல்லை என்றேன். அவர் காதில் விழவில்லை. ஆபீஸ் இன்னும் நன்றாகவே நடக்கிறது. கடலூரில் எந்தச் சுவரில் ஒழுங்கான பட்டியல் ஒட்டியிருந்தாலும் அது அவர் கை என்று எனக்குத் தெரியும். நின்று பார்ப்பேன். அழகாகத்தான் இருக்கும்.

மறுநாள் நாங்கள் போன அறக்கட்டளை மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இருந்தது. செயலாளர் வயதானவர், அவசரத்தில் இருந்தார். மேஜை மேல் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே, "தப்பு எங்க நடந்துச்சு?" என்று கேட்டார்.

"சரிபார்த்தவர் சேகர், சார்" என்றார் மேடம். "பாத்துட்டு ரெண்டு பேஜும் சரின்னுதான் எங்கிட்ட குடுத்தாரு."

சேகர் நாற்காலியை விட்டு எழுந்தார். "சா... சார். நா... நான் அன்னிக்கு..."

"அன்னிக்குக் கவனிக்கல. மனுஷன்தானே சார், விட்டுடலாம்" என்றார் மேடம். அவ்வளவு இதமான குரல்.

"இ... இல்ல. நான் சொ... சொ..."

"சொல்லாம விட்டது தப்புதான்னு வருத்தப்படறாரு."

நான் எழுந்தேன். "சார், சேகர் அன்னிக்கு மேடத்துக்கிட்ட சொல்ல..."

"சொல்ல மறந்துட்டாரு. இவளும் பக்கத்துலதான் இருந்தா."

"இல்ல சார்!" கத்தியே விட்டேன். "அவரு சொல்லத்தான் வந்தாரு. மேடம் வுடல. சரியா இருக்குன்னு சொன்னது அவரு இல்ல, மேடம்."

செயலாளர் கையை உயர்த்தினார். "யாரு சொன்னா என்னம்மா? காத்திருந்த பொண்ணு காலையில வந்து சேந்துடுச்சு. அதை எழுப்பி அனுப்பச் சொல்றியா? இவங்க அடுத்த வருஷம் போடட்டும்." எழுந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் முடிந்துவிட்டது. மேடம் அவருக்கு வணக்கம் சொல்லி, கொத்தனாரைப் பார்த்து, "மனசு கஷ்டமாத்தான் இருக்கும். அதானே?" என்றார். பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார்.

வராந்தாவில் சேகர் கொத்தனாரின் வழியை மறித்து நின்றார். போனை எடுக்கவில்லை. துண்டுத் தாளைத் தேடவில்லை. பேசப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அண்ணே... அ... அன்னிக்கு..."

நின்றுவிட்டது. கண்கள் மூடிக்கொண்டன. உள்ளே ஆபீஸ் பையன் விளக்கையும் ஃபேனையும் அணைத்துக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்து, "கொஞ்சம் கெளம்புறீங்களா?" என்றான். கொத்தனார் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேகரின் வாயைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துக் காதைக் கொடுத்தபடி, சாரத்தில் மேலே இருக்கிற ஆள் ஏதோ கேட்பதற்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. சேகர் தொடங்கினார், நின்றார், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"அன்னிக்கு நான் மே... மேடத்துக்கிட்ட சொல்ல வந்தது... இந்த ரெ... ரெண்டு பே... பேரும்... வே... வேற வேற பொ... பொண்ணுங்க மேடம்னு."

முடித்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கொத்தனார் சாய்த்த தலையை நிமிர்த்தினார். பிறகு, "தெரியும் தம்பி" என்றார். "எம்பொண்ண எனக்குத் தெரியாதா?"

மகளிடமிருந்து சான்றிதழ்ப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.